கமராவைத் தூக்குவதற்கு முன்

யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்களாகிய எங்களை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். முகாமில் பதிவுக்காக எடுத்தார்கள். நிவாரணப் பொதியைக் கையில் தந்து, நிமிர்ந்து பார்க்கச் சொல்லி எடுத்தார்கள். தற்காலிகக் கொட்டிலுக்கு முன்னால் எடுத்தார்கள். தையல் இயந்திரம் கிடைத்த அன்றும், ஆடு கிடைத்த அன்றும், கோழிக்கூடு கிடைத்த அன்றும் எடுத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருந்தபோதும் எடுத்தார்கள்.

இந்தப் படங்களில் எத்தனை எங்கள் கையில் இருக்கின்றன? கலியாண அல்பமும் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டன. பிறகு எடுக்கப்பட்ட படங்கள் எங்கோ ஓர் அறிக்கையிலும் நாட்காட்டியிலும் இருக்கின்றன. எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்றும் இல்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2009 இல் எனக்கு ஒன்பது வயது. மெனிக் பாம் முகாமில் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்ற என்னை ஒருவர் படம் எடுத்தார். அவர் யார், அந்தப் படம் எங்கே போனது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. 2012 இல் அந்த முகாமும் மூடப்பட்டுவிட்டது. வளர்ந்த பின், ஆறு மாத ஒளிப்படப் பயிற்சி நெறி ஒன்றிலே சேர்ந்தேன். கலியாண வீடுகளில் படம் எடுத்து உழைக்கலாம் என்பதே என் எண்ணமாக இருந்தது. ஆனால் இறுதிச் செயற்றிட்டம் என்னை வேறு பக்கம் சிந்திக்க வைத்தது.

ஒரே கருப்பொருளில் பத்துப் படங்கள் எடுக்க வேண்டும். அதற்கு முன்பாகப் படப்பிடிப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். யாரை, எங்கே, எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், என்ன செலவில், யாருடைய அனுமதியோடு எடுக்கப்போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "கமராவைத் தூக்க முன்னமே பாதிப் படம் முடிஞ்சிருக்க வேணும்" என்பார் எமக்குப் படிப்பித்த சேர். தனித்து நின்று குடும்பத்தைத் தாங்குகின்ற, எங்கள் ஊர்ப் பெண்கள் ஐவரின் தொழிலை நான் கருப்பொருளாக எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு படங்கள் என்பது என் கணக்கு.

மூன்று படங்களின் கதை

திட்டம் எழுதுவதற்காகப் பழைய ஒளிப்படங்களைப் பற்றி வாசிக்கச் சொன்னார்கள். மூன்று படங்களின் கதை என் மனதில் நின்றது.

1936 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் தங்குமிடத்திற்கு டொரத்தியா லாங் என்ற ஒளிப்படக் கலைஞர் போனார். பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த ஒரு தாயைச் சில நிமிடங்களில் படம் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறிந்த படம் அதுதான். படம் பத்திரிகையில் வந்ததும் அந்தத் தங்குமிடத்திற்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால் அதற்கிடையில் அந்தத் தாய் வேறிடம் போய்விட்டார். அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978 இல்தான் வெளியில் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்றும் அவர் மனம் வருந்திச் சொன்னார். லாங் கெட்டவர் அல்லர். அரசாங்க வேலைக்காக எடுத்த படம் என்பதால் அவருக்கும் அதில் தனி வருமானம் கிடையாது. ஏழைகளுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் எடுத்தார். நல்ல நோக்கம் இருந்தும், படத்தில் இருந்தவருக்கு நாற்பது வருடம் ஒரு சொல் இருக்கவில்லை.

இரண்டாவது, பச்சைக் கண்களையுடைய ஆப்கானிஸ்தான் சிறுமியின் படம். 1984 இல் பாகிஸ்தானில் உள்ள அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மக்கரி என்பவர் எடுத்தது. 1985 ஆனி மாதம் 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையின் அட்டையில் வந்தது. அந்தச் சிறுமியின் பெயர் சர்பத் குலா. 2002 இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் அந்தப் படத்தைக் கண்டதே இல்லை. 2016 இல் அடையாள அட்டைப் பிரச்சினையில் அவர் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2021 இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. உலகமே அறிந்த முகம் என்றாலும் அவருடைய அகதி வாழ்க்கை முடியவில்லை.

மூன்றாவது கதை எங்கள் நாட்டிலேயே நடந்தது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பெண் ஒளிப்படக் கலைஞர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்ப் பெண்களையும் அவர் எடுத்த படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் பாதுகாக்கப்படுகின்றன. எடுத்தவரின் பெயர் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கிறது. படத்தில் இருக்கின்ற பெண்களில் அநேகமானோரின் பெயர் எங்கும் இல்லை.

மூன்று படங்களையும் எடுத்தவர்கள் திறமைசாலிகள். வெளிச்சத்திலும் கோணத்திலும் குறை சொல்ல முடியாது. என் திட்டத்தில் அவற்றைவிட வேறு ஒன்றும் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். படத்தில் இருக்கப்போகிறவரின் விருப்பத்தையும் திட்டத்தின் ஒரு பகுதியாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கமரா இல்லாமல் போன பயணம்

முதல் முறை ஐந்து வீடுகளுக்கும் கமரா இல்லாமல்தான் போனேன். ஒரு கொப்பியும் பென்சிலும் மட்டும் கொண்டுபோனேன். அவர்களுடைய பெயர்களை நான் இங்கு எழுதவில்லை. அது அவர்களுடைய விருப்பம்.

முதலாவது வீட்டில், கச்சான் வறுத்துக் கோயில் வாசலில் விற்கின்ற அக்கா இருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எடுக்கிறதெண்டால் எடு பிள்ளை. எனக்கு வெக்கமொண்டும் இல்லை. ஆனா முந்தி வந்து எடுத்தவையும் படம் தாறம் எண்டுதான் சொன்னவை. இண்டைக்கு மட்டும் ஒண்டையும் நான் காணேல்லை."

இரண்டாவது, பனையோலையில் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைக்கின்ற அம்மம்மா. "முகத்தில என்ன மோனை கிடக்கு, கையைப் பாரன்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். ஓலை கிழித்த தழும்புகள் அந்த விரல்களில் கோடு கோடாகக் கிடந்தன.

மூன்றாவது அக்கா வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுப்பவர். முன்பு இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்தவர். கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். "என்ரை மகளுக்கு இப்ப பத்து வயசு. அவளுக்கு நான் இன்னும் எல்லாத்தையும் சொல்லேல்லை. சொல்லுற காலம் வரும், அப்ப நான்தான் சொல்ல வேணும். ஒரு படத்தைப் பார்த்திட்டு ஊர் சொல்லக்கூடாது."

நான்காவது அக்கா ஷெல் அடியில் ஒரு காலை இழந்தவர். சிறிய கடை வைத்திருக்கிறார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கையும் அவர்தான் எழுதுகிறார். "வாற ஆக்கள் எல்லாரும் முதல்ல காலைத்தான் எடுக்கினம். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்க்கினம். தங்கச்சி, நான் கணக்கு எழுதேக்கை எடு. பத்து வருசமா ஒரு ரூபா பிசகாமல் எழுதிறன்" என்றார்.

ஐந்தாவது, கடற்கரையில் கருவாடு காயப்போடுகின்ற அம்மா. அவருடைய மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்திற்கும் அவர் போய்வருபவர். நான் கேட்டு முடிக்க முன்னரே அவர் சொன்னார். "என்ரை படம் எல்லாம் அழுதபடிதான் இருக்கு பிள்ளை. பேப்பரிலையும் அப்பிடி, போனிலையும் அப்பிடி. அவன் வந்தால் அம்மா இவ்வளவு காலமும் அழுதுகொண்டே இருந்தவா எண்டு நினைப்பான். நல்ல சீலை உடுத்துச் சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துத் தா. ஆனா அதை ஒருத்தருக்கும் காட்டாதை. சிரிக்கிறன் எண்டு கண்டால் சனம் என்ன சொல்லும்?"

ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒருவருக்குப் படத்தின் பிரதி வேண்டும். ஒருவருக்குக் கை மட்டும் போதும். ஒருவருக்கு முகம் தெரியவே கூடாது. ஒருவருக்குக் கால் அல்ல, தொழில் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தனக்கென்று மட்டும் ஒரு படம் வேண்டும்.

முகம் இல்லாத படங்கள்

நான் எழுதிக்கொண்டுபோன திட்டத்தைப் பார்த்துச் சேர் யோசித்தார். பத்துப் படங்களில் நான்கில்தான் முகம் இருக்கிறது, பார்ப்பவர்களின் மனதில் முகம்தானே நிற்கும் என்றார். பக்கத்து ஊரில் விருப்பமுள்ள வேறு மூன்று பெண்களைத் தேடிப் பார்க்கலாமே என்றும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புள்ளி போடப்போகிறவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால், முகம் காட்ட முடியாத நிலைமையும் எங்கள் பெண்களின் வாழ்க்கையில் ஒரு பகுதிதானே? அதை ஒதுக்கிவிட்டு, காட்டக்கூடியவர்களை மட்டும் சேர்த்தால், அது எங்கள் ஊரின் படமாக இருக்காது. இதையே எழுத்தில் எழுதித் திட்டத்தோடு இணைத்தேன். முகத்திற்குப் பதிலாக என்ன காட்டலாம் என்பதையும் ஒவ்வொன்றாக எழுதினேன். ஊசியில் நூல் கோர்க்கும் கை, யன்னல் வெளிச்சத்தில் தையல் இயந்திரத்தின் மேல் விழும் நிழல், கடலைப் பார்த்தபடி கருவாடு புரட்டும் அம்மாவின் முதுகு, ஓலைக் குவியலுக்கு நடுவில் வேலை செய்யும் இரண்டு கைகள். சேர் வாசித்துவிட்டு, "இந்தக் காரணத்தைப் பரீட்சகருக்கு முன்னாலும் சொல்லுவீரோ?" என்று கேட்டார். சொல்லுவேன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அனுமதி என்பது ஒரு கையெழுத்து மட்டுமல்ல

நிவாரணக் காலத்தில் எத்தனையோ கடதாசிகளில் கையெழுத்து வைத்தவர்கள் நாங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டியவர்கள் குறைவு. எனவே, ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், பேச்சுத் தமிழில் ஓர் அனுமதிப் பத்திரம் தயாரித்தேன். முகம் தெரியலாமா, பெயர் போடலாமா, பயிற்சி நெறியில் காட்டலாமா, ஊரில் கண்காட்சி வைத்தால் காட்டலாமா, முகநூலில் போடலாமா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். ஒன்றுக்கு ஓம் சொன்னால் எல்லாவற்றிற்கும் ஓம் என்று ஆகாது. கடைசி வரியில், 'பிறகு மனம் மாறினால் படத்தை எடுத்துவிடச் சொல்லலாம்' என்று எழுதினேன். அம்மம்மாவுக்கு அவருடைய பேத்தியைக் கொண்டு வாசித்துக் காட்டினோம். பத்திரத்தின் ஒரு பிரதி அவர்களிடம், ஒன்று என்னிடம்.

இன்னும் சில விடயங்களையும் திட்டத்தில் சேர்த்தேன். கமராவோடு ஊரில் திரிந்தால் யார் அனுப்பியது, எதற்கு என்று விசாரிப்பவர்கள் வருவார்கள். அந்தத் தொல்லை நான் போன பிறகு அந்தப் பெண்களின் வாசலுக்கு வரக்கூடாது. ஆகவே, பயிற்சி நிலையத்தின் கடிதத்தைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கொடுத்தேன். பிள்ளைகள் படத்தில் வந்தால் பாடசாலைச் சின்னம் தெரியக்கூடாது. தொலைபேசியில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகக்கூடும், அதை நிறுத்திவிட வேண்டும். வீட்டு இலக்கம், வாகன இலக்கம் பின்னால் இருந்தால் கோணத்தை மாற்ற வேண்டும்.

நேரமும் வெளிச்சமும்

எங்கள் கரையில் சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும்பும். காலை ஆறு மணியிலிருந்து ஏழரை மணிவரை வெளிச்சம் சாய்வாகவும் மென்மையாகவும் இருக்கும். பின்னேரம் நாலரைக்குப் பிறகும் அப்படித்தான். உச்சி வெய்யிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்து, இல்லாத களைப்பும் முகத்தில் தெரியும். ஐப்பசி தொடங்கினால் மாரி மழை. ஆகையால் ஆவணி மாதத்தைத் தெரிவு செய்தேன்.

ஆனால் பெண்களின் நேரம் சூரியனின் நேரம் அல்ல. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் அள்ள வேண்டும். பத்து மணிக்குப் பிறகுதான் மூச்சுவிட நேரம். அவர்களுடைய வேலையைக் கெடுத்து நல்ல வெளிச்சம் தேடுவதில் அர்த்தமில்லை. பத்து மணிக்கு எடுப்பவர்களை விறாந்தை நிழலில் இருத்தி எடுப்பது என்று எழுதினேன். ஒரு பக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்தால் அதில் பட்ட வெளிச்சம் முகத்தில் விழுந்து நிழல் குறையும். கருவாடு காயப்போடும் அம்மாவும் கச்சான் அக்காவும் மட்டும் தங்கள் வேலை நேரத்திலேயே, ஒருவர் விடியலிலும் மற்றவர் பின்னேர அடுப்படியிலும்.

நான்கு மாணவர்களுக்கு ஒரு கமரா என்பதால் எனக்கு இரண்டு நாட்கள்தான் கிடைக்கும். 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று, இரண்டு பற்றரிகள், இரண்டு நினைவு அட்டைகள். இருந்து எடுக்கும் படங்களுக்கு ஒரு செக்கனில் 125 இல் ஒரு பங்கு வேகம் போதும். ஓலை இழைக்கும் விரலும் கச்சான் புரட்டும் அகப்பையும் மங்காமல் வர 500 இல் ஒரு பங்கு வேண்டும். இவற்றைக் கொப்பியில் எழுதி வைத்ததால் அங்கே போய்க் கமராவோடு மினக்கெட வேண்டி வரவில்லை. கதைப்பதற்கு நேரம் இருந்தது.

செலவுக் கணக்கில் பஸ் காசு, தேத்தண்ணிச் செலவு ஆகியவற்றுக்கு மேலே, முதல் வரியில் பிரதிகளின் செலவை எழுதினேன். ஆளுக்கு இரண்டு படம், தடித்த தாளில். கச்சான் அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை.

மகனின் படம்

கருவாட்டு அம்மாவிடம் மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். லமினேட் பண்ணியிருந்தும் ஓரத்தால் ஈரம் ஏறி, நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பிரதி எடுப்பதையும் திட்டத்தில் சேர்த்தேன். உங்களில் பலரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

லமினேட்டைப் பிரிக்க வேண்டாம், படம் சேர்ந்து கிழிந்துவிடும். கறுப்புத் துணி ஒன்றின் மேல், யன்னல் ஓரத்து நிழலில் படத்தை வைக்கவும். கமராவை நேர் மேலே பிடிக்கவும். பிளாஷ் போடக்கூடாது. பளபளப்பு விழுந்தால் வெளிச்சம் வரும் பக்கத்தை மாற்றிப் பார்க்கவும். நல்ல தொலைபேசிக் கமராவும் இதற்குப் போதும். பிரதியை ஸ்ரூடியோவில் கழுவி இரண்டு பேரிடம் கொடுத்து வைக்கவும். மூலப் படத்தை ஒட்டும் அல்பத்தில் வைக்காமல் கடதாசி உறையில் போட்டு, அடுப்புப் புகையும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவும். போராட்டத்திற்கும் விசாரணைக்கும் பிரதியைக் கொண்டுபோனால் போதும். மூலம் வீட்டில் இருக்கட்டும்.

படம் எடுத்த நாட்கள்

படப்பிடிப்பு இரண்டு நாட்களில் முடிந்தது. திட்டம் கையில் இருந்தபடியால் அவசரம் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் படத்தைக் கமராவின் திரையில் பார்த்துத் தாங்களே தெரிவு செய்தார்கள். தையல் அக்கா ஒரு படத்தை வேண்டாம் என்றார். முகம் இல்லைத்தான், ஆனால் கையில் இருந்த தழும்பு தெரிந்தது. அவருக்கு முன்னாலேயே அழித்துவிட்டு வேறு எடுத்தோம். கணக்கு எழுதும் அக்கா தன் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறார். அம்மாவின் சிரித்த படம் என் செயற்றிட்டத்தில் இல்லை. அது அவருடைய வீட்டில், மகனின் பெரிதாக்கிய படத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படி ஒரு படம் உண்டு என்பதை மட்டும் இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்டு அனுமதி பெற்றேன்.

சகோதரிகளே, இனியும் எங்களைப் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். மாணவர்கள் வருவார்கள், பத்திரிகையாளர் வருவார்கள், உதவி செய்யும் நிறுவனங்களும் வரும். வருபவர்களில் நல்லவர்கள் அதிகம். எங்கள் நிலைமை வெளியில் தெரிவதற்குப் படங்கள் தேவையும்தான். ஆயினும் அவர்களிடம் சில கேள்விகளைக் கேட்பதற்கு நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்? இந்தப் படம் எங்கே வரும்? பெயர் போடுவீர்களா? முகம் தெரியாமல் எடுக்க முடியுமா? எடுத்ததை இப்போதே காட்டுவீர்களா? ஒரு பிரதி எப்போது தருவீர்கள்? பிறகு வேண்டாம் என்றால் யாரோடு கதைக்க வேண்டும்? வேண்டாம் என்றால் எனக்குக் கிடைக்க வேண்டிய உதவி நின்றுவிடுமா?

கடைசிக் கேள்விக்கு ஓம் என்று ஒருவர் பதில் சொன்னால், அங்கே படம் எடுக்க விடக்கூடாது. உதவி ஒன்று, படம் வேறொன்று. தொலைபேசி வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம். நாளை கமராவைத் தூக்கப்போவது அவர்களும்தான்.